வயர் இல்லாமல் ஒரு சுற்று

கொகாய் ஆற்றுப் படுகையில் ஞாயிறுதோறும் ரேடியோ விமானம் விடுகிற பன்னிரண்டு பேரும், நிஹெய் கியோஜி வீம்புக்குத்தான் பெரிய விமானம் கட்டுகிறார் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. அறுபத்தொரு வயதில் புதிதாகச் சேர்ந்த மனிதர். ரேடியோப் பெட்டியின் இரண்டு குச்சிகளில் எது ஏற்றும், எது திருப்பும் என்பதே விரலுக்கு இன்னும் பழகவில்லை. புதிதாக வருகிறவர்கள் கைக்கடக்கமான ஸ்பாஞ்சு விமானத்தை ஒரு வருஷம் விட்டுப் பழகுவார்கள். நிஹெய் முதலில் வாங்கியதும் அதுதான். மூன்றாம் ஞாயிறே அதைத் தொலைத்தார். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். அடுத்து அதைவிட ஒரு மடங்கு பெரியது வாங்கினார். அது நாணலுக்குள் போனது. அதற்குப் பிறகு எட்டு மாதம் உட்கார்ந்து, இறக்கை மட்டுமே இரண்டரை மீட்டர் நீளத்தில், பெட்ரோல் எஞ்சின் வைத்து, ஏழு கிலோவில் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

"அடுத்தது ஜம்போதான். நாமெல்லாம் ஏறி உட்கார்ந்தா ஹவாய்க்கே போயிடலாம்," என்றார் மொமோசே. பல் செட்டு செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவர். கிளப்பில் அவரளவுக்குப் பறக்கவிடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"சாப்பாடு குடுப்பாங்களா அதுல?" என்று கேட்டார் கிளப் தலைவர் ஹகா.

"ஜன்னலோரம் வேணும்னா இப்பவே சொல்லி வைங்க," என்றார் நிஹெய்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீம்பென்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அது அவருக்கு வசதியாக இருந்தது.

சின்ன விமானம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கண்ணழுத்த நோய். சரக்குக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், ஒரு நாள் மேல் தட்டில் இருந்த பெட்டியைப் பார்க்காமல் இடித்தபோதுதான் அது வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உட்காரச் சொன்னார்கள். கண்ணெதிரே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் எதுவும் தெரியவில்லை. இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

"போனது போனதுதான். சொட்டு மருந்து விட்டா மிச்சம் இருக்கிறதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்," என்றார் டாக்டர். "ரெண்டு வருஷம்னு வைங்க. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில்தான், பணி ஓய்வுக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்த ஒரே ஆசையை மனைவி ஃபுசாயேவிடம் சொன்னார். வேலைக்குப் போகும்போதெல்லாம் கரை மேல் வண்டியை நிறுத்தி அந்த விமானங்களைப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாருடைய கையும் படாமல், தானே ஒன்றை ஏற்றி, ஒரு சுற்று சுற்றி, தானே இறக்க வேண்டும். பார்வை முழுதும் போவதற்குள்.

கல்யாணமாகி செந்தாய் நகரத்துக்குப் போய்விட்ட மகளின் அறையில்தான் கட்டுமானம் நடந்தது. கைக்கெட்டும் தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், அவர் கண் இன்னும் சொன்னதைக் கேட்டது. கேட்காத இடத்தில் விரல் நுனி கேட்டது. பால்சா என்கிற லேசான மரத்தைத் தகடு தகடாக அறுத்து, இருபத்தாறு விலா வைத்து இறக்கை கட்டினார். கோணல் இருக்கிறதா என்று மொமோசே அளவுகோல் வைத்துப் பார்த்தார். அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

"பறக்கத் தெரியாத ஆளுக்கு இவ்வளவு நல்ல இறக்கை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, மறுவாரம் தன் விமானத்துக்கு ஒட்டியதுபோக மிஞ்சியிருந்த மஞ்சள் படலச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும் படலம். "வானத்துல இதைவிட நல்லாத் தெரியிற கலர் கிடையாது. காசெல்லாம் வேண்டாம், காபி வாங்கிக் குடுங்க போதும்."

பயிற்சிக்கு இரண்டு ரேடியோப் பெட்டிகளை ஒரு வயரால் கோப்பார்கள். ஒன்று பழகுகிறவர் கையில், ஒன்று சொல்லித்தருபவர் கையில். விமானம் தடுமாறினால் சொல்லித்தருபவர் ஒரு விசையைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். சொல்லித்தந்தவர் ஹகா. நாற்பத்து நான்கு வயது. வாரம் முழுக்க வீடு வீடாக காஸ் சிலிண்டர் போட்டுவிட்டு ஞாயிறன்று இங்கே வருபவர். நிஹெய் விமானத்தைப் பார்த்தபடி அடிக்கடித் தலையை மேலும் கீழும் வெட்டுவது ஹகாவுக்குப் புரியவே இல்லை.

"என்ன நிஹெய்-சான், கோழி பொறுக்குற மாதிரி? கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"பழக்கம், தலைவரே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின கழுத்து."

விமானம் அவ்வப்போது காணாமல் போனது. அந்த இடத்தில் இருட்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கேயும் வானம்தான் தெரிந்தது. மேகம்கூட இருந்தது. விமானம் மட்டும் இருக்காது. தலையை வெட்டினால் ஏதோ ஓர் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வெட்டுவரை ஓட்ட வேண்டும். இப்படியே அக்டோபர் முடிவதற்குள் ஏற்றவும் இறக்கவும் படித்துவிட்டார். ஒருநாள் முழுவதும் ஹகா விசையைத் தொடவே இல்லை.

"அடுத்த வாரம் வயரைக் கழட்டிடலாம்," என்றார் ஹகா.

அந்த ஞாயிறு காலை சின்ன டிரக்கை ஓட்டியது ஃபுசாயேதான். நிஹெய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து ஒரு வருஷமாகியிருந்தது. கிளப்பில் அதற்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். மகள் பிறந்த நாளிலிருந்து அவரை அப்பா என்றே கூப்பிட்டுப் பழகியவள், கரை ஏறும் இடத்தில் வண்டியை மெதுவாக்கினாள்.

"ஹகா-சான்கிட்ட சொல்லிடுங்கப்பா. சொல்லிட்டுப் பறங்க."

"சொன்னா விடமாட்டார்."

"விடமாட்டார்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல."

"இன்னைக்கு ஒரு நாள். ஒரு சுற்று. அதுக்கப்புறம் நானே சொல்லிடறேன்மா."

அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாமே என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

யாராவது முதல் தடவை வயர் இல்லாமல் பறக்கவிடும்போது மற்றவர்கள் தங்கள் விமானங்களைக் கீழே வைத்துவிட்டு வானத்தைக் காலியாக விடுவது அந்தக் கிளப்பின் வழக்கம். அன்றைக்கும் பன்னிரண்டு பேரும் கைகட்டி வரிசையாக நின்றார்கள். மணி பத்து. பதினொன்றுக்கு மேல் வடமேற்குக் காற்று இறங்கிவிடும்; அப்புறம் யாரும் எதையும் ஏற்ற முடியாது. எல்லோருக்கும் வாரத்தில் கிடைப்பதே இந்த ஒரு காலைதான். தன் ஒருவனுக்காக இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே என்று நிஹெய்க்கு முதுகு கூசியது.

"நீங்க பாட்டுக்கு விடுங்க. எனக்காக யாரும் நிக்க வேண்டாம்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல நிஹெய்-சான்," என்றார் மொமோசே.

"எல்லாரும் பார்த்துட்டு நின்னா கை நடுங்குது. தயவுசெஞ்சு விடுங்க."

மொமோசே மறுத்தார். நிஹெய் குனிந்து மறுபடியும் கேட்டார். மொமோசே திரும்பவும் மறுத்தார். வயதில் மூத்த மனிதர் மூன்றாம் தடவையும் குனிந்தபோது, அதற்கு மேல் மறுப்பது அவமதிப்பாகப் போய்விடும் என்று மொமோசேவுக்குத் தோன்றியது. "சரி, துணைக்கு நான் ஒருத்தன் மட்டும். ரொம்ப உயரத்துல, ஒதுங்கியே இருக்கேன்," என்று தன் மஞ்சள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டும் ஒரே சுருளில் வெட்டிய மஞ்சள் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை. ஹகாவும் தலையாட்டினார். பின்னாளில் அவர் தன்னை மன்னிக்காத விஷயங்களில் அந்தத் தலையாட்டலும் ஒன்று.

ஏற்றம் நன்றாக இருந்தது. புல்லில் முப்பது அடி ஓடி, தானே கனம் குறைந்து, எழுந்தது. நிஹெய்யின் பின்னால் ஓரடி தள்ளி வெறுங்கையோடு நின்றார் ஹகா. "அழகு. அப்படியே இடது பக்கம்... ம்... சரி."

எதிர்ப்பக்கம் போகும்போது விமானம் மறைந்தது. நிஹெய் தலையை வெட்டினார். வானம். இன்னொரு வெட்டு. மஞ்சள் கிடைத்தது. நினைத்ததைவிடச் சற்று உயரத்தில். பரவாயில்லை, கிடைத்துவிட்டது. அது வலப்புறம் சாய்ந்திருந்தது. குச்சியை இடது பக்கம் தள்ளினார். விமானம் நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். இடது பக்கம் வளைந்து, அகலமாக, அவசரமே இல்லாமல் திரும்பியது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அது இப்படித் திரும்பியதில்லை. தான் நினைப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது என்று தோன்றியது. உள்ளங்கை காய்ந்தது. தோள் இறங்கியது.

"மூக்கைத் தூக்குங்க. நிஹெய்-சான், தூக்குங்க," என்று ஹகா கத்துவது கேட்டது. எதற்கு இந்த மனிதர் பதறுகிறார்? மட்டமாகத்தானே போகிறது? எங்கோ ஓர் எஞ்சின் மேலேயிருந்து கீழே ஊளையிட்டபடி இறங்கியது. யாரோ தவறவிட்டுவிட்டார்கள், பாவம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். ஹகாவின் கை அவர் பெட்டியைப் பறித்தபோது தீக்குச்சிப் பெட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஊளை நின்றது.

அவர் பார்த்துக்கொண்டிருந்த விமானம் பறந்துகொண்டே இருந்தது.

கிளப் முழுவதும் மூங்கில் கழியோடு நாணலுக்குள் இறங்கியது. முதல் தடவை எல்லோருக்கும் நடப்பதுதான் என்று ஒருவர் சொன்னார். மொமோசே அவசரமாகத் தன்னுடையதை இறக்கிவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு, தன்னால்தான், தான் மேலே போயிருக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். நிஹெய் வரிசையின் ஓரத்தில் ஹகாவோடு நடந்தார். ஓரிடத்தில் நின்று, நாணலை இரண்டு பக்கமும் விலக்கிப் பார்த்துவிட்டு, "இங்க இல்லை," என்றார்.

ஹகா நின்றுவிட்டார். நிஹெய்யின் மூக்குக்கு எதிரே, மூன்றடி தூரத்தில், தலைக்குச் சற்று மேலே, நாணலில் மாட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் வால் ஆடிக்கொண்டிருந்தது.

ஹகா அந்த வாலைப் பார்த்தார், நிஹெய்யைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்துலேர்ந்து."

"கோழின்னு சொல்லிச் சிரிச்சேனே."

"நல்லாத்தான் இருந்துச்சு அந்த ஜோக்."

"ஏழு கிலோ, நிஹெய்-சான். கரை மேல பிள்ளைங்க சைக்கிள்ல போகுதுங்க." ஹகா கையிலிருந்த மூங்கில் கழியைச் சேற்றில் குத்தினார். கோபமா வேறெதுவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "சொல்லியிருக்க வேணாமா?"

"சொல்லியிருக்கணும்."

"வயர் போட்டுட்டு வாங்க. எப்ப வேணா வாங்க. நான் கூட நிக்கிறேன்."

"வயர் போட்டா அது நீங்க பறக்குறது." நிஹெய் குனிந்தார். மூன்று முறை அல்ல, ஒரே முறை, வெகுநேரம். "ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

நிஹெய் எஞ்சினை மட்டும் கழற்றி, மொமோசே வைத்துக்கொள்ளட்டும் என்று அவர் வண்டியில் வைத்துவிட்டு வந்தார். மிச்சத்தை டிரக்கில் ஏற்றினார்கள். பதினொன்று அடித்துக் காற்று இறங்கியது.

ஊராட்சி விதிப்படி ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளமான எதையும் குப்பையில் வைக்கக் கூடாது. வைத்தால் தனியாகச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். அதனால் அன்று மத்தியானமே இருவரும் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். ஃபுசாயே படலத்தை உரித்து பிளாஸ்டிக் பையில் போட்டாள். வயர்களும் திருகாணிகளும் இரும்புக்குத் தனியே. ஒரு பக்க இறக்கைக்கு அடியே படவில்லை. வலது இறக்கை, பதின்மூன்று விலா, எல்லாம் நேராக. அதையும்தான் அறுக்க வேண்டியிருந்தது.

"இதை வச்சுக்கலாமேப்பா. செவுத்துல மாட்டலாம்."

"வேண்டாம்மா."

அவர் ரம்பத்தை எடுத்தார். மரம் மெத்தென்று அறுபட்டது; தூள் முழங்காலில் கொட்டியது.

"அந்தப் பத்து நொடி," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "ரொம்ப நல்லாப் பறந்தேன். உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"அது மொமோசே-சானோடது."

"தெரியும்."

அவள் அளவு நாடாவை இழுத்து இறக்கையில் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை எரியும் குப்பை. அதற்குள் இன்னும் நான்கு துண்டு போட வேண்டும்.

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இந்தப் பக்கம்," என்றாள்.

அவர் ரம்பத்தை நகர்த்தி வைத்தார்.