ஆறு திரும்பிய இடம்

சென்னையில் இருக்கும் கேம் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிலப்படம் வரைந்து கொடுக்கிறேன். இல்லாத உலகத்துக்கு நிலப்படம். காற்று தேய்த்த பாறை, எரிமலை கக்கிய தீவு, வெள்ளம் அறுத்த பள்ளத்தாக்கு எல்லாம் என் பொறுப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் தெருக்குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு வந்து பிரளயம் வரைகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வெள்ளப் படத்தைத் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போயிருந்தது. அன்று மாலைக்குள் படம் தேறாவிட்டால் வேலை வேறு ஆளிடம் போய்விடும். காலையிலேயே மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், ஆறு நேரா வந்து ஊரை அடிச்சிட்டுப் போகணும். நடுவுல ஏன் திரும்புது? அங்க மலைகூட இல்லையே."

பார்த்தேன். வெறும் தரையில் ஆறு வளைந்திருந்தது. எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பாய்ந்து வந்த வேகவதி ஆற்றைத் தடுக்கப் பெருமாள் குறுக்கே படுத்துக்கொண்டார் என்பது எங்கள் ஊர்க் கதை. இன்னும் கோயிலில் படுத்துத்தான் இருக்கிறார். கேட்டு வளர்ந்த கை தானாக வளைத்துவிட்டது. இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? எரிச்சலாக வந்தது. யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்காரர் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குக் குறுக்கே நீட்டிப் படுத்தார்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு இருக்கேம்மா, எழுப்பாத."

படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. மகள் புத்தகப்பையோடு அவர் கால்மாட்டைச் சுற்றிப் போனாள். மாமியார் துடைப்பத்தோடு தலைமாட்டைச் சுற்றினார். நிறைந்த குடத்தோடு நானும் சுற்றித்தான் போனேன். எங்கள் வீட்டில் தினமும் இதுதான் வழி.

குடத்தை இறக்கிவிட்டு வந்து, ஆறு வளையும் இடத்தில் நீளமாக ஒரு மலை வரைந்தேன். தலை, தோள், நீட்டிய கால். வேலை முடித்து வந்து படுத்த பூதம் என்று குறிப்பெழுதி அனுப்பினேன்.

மாலையில் மேனேஜர் உற்சாகமாகப் பேசினார். "சூப்பர் மேடம், ஓகே! அடுத்த லெவல்ல பூகம்பம் வச்சு அவனை எழுப்பிடலாம்."

கூடத்தில் வீட்டுக்காரர் அப்படியே கிடந்தார். அடுத்த ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை நிலைத்ததே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அழுகை வந்தது.

"வேற எத வேணா எழுப்புங்க சார்," என்றேன். "அவரை மட்டும் தூங்க விடுங்க."