பின்னால் தட்டும் கை

கடலூர்ப் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தால் எனக்குக் காதுதான் முந்திக்கொள்ளும். பின்னோக்கி வரும் வண்டியின் தகரத்தில் உள்ளங்கை அறைகிறது: தப், தப். "வரலாம்... வரலாம்..." டீசல் புகையையும் அவித்த கடலை வாசனையையும் தள்ளிக்கொண்டு அந்த ஓசை வந்து சேர்ந்ததும், எனக்குள் பதினோரு பெண்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நான் கால்பந்துப் பயிற்சியாளன். பந்து வைத்திருப்பவளுக்கு மற்றவர்கள் துணை போகவேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். போனார்கள், அத்தனை பேரும் அவள் காலடிக்கே! அண்ணாகிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் இடது ஓர ஆட்டக்காரி அந்த நெரிசலில் மாட்டி விழித்து, பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளிவிடுவாள். ஒரு மாலை பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"பந்து வந்தாலே பயமா இருக்கு சார். இத்தினி பேரு சுத்தி இருந்தும் தனியா நிக்கிறாப்ல இருக்கு. சிதம்பரம் மேட்ச் ஆடிட்டு நின்னுக்கிறேன்."

 எனக்கு முன்னால் கேப்டன் வாயைத் திறந்தாள். அவள் அப்பா சிதம்பரம் வண்டியில் கண்டக்டர். அவளும் எப்போதும் படிக்கட்டில் தொங்கியபடி பேசுவது போலத்தான் பேசுவாள்.

"பின்ன என்னாடி? ஒத்தாசை பண்ணுங்கன்னா, பந்தியில எடம் புடிக்கிறாப்ல வந்து குந்திக்கிறீங்க. டிரைவருக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? எங்கப்பா பின்னாடி போய்த் தட்டுறாரு, அவுரு தைரியமா வர்றாரு. எங்கப்பா என்னா ஸ்டியரிங்கையா புடுங்குறாரு?"

அன்றே பயிற்சி தலைகீழானது. பந்துக்காரி கோலுக்கு முதுகு காட்டி நிற்பாள். மற்றவர்கள் விலகி ஓடி, அவள் கண்ணுக்குத் தெரியாத வெளியைக் குரலாலும் கைதட்டலாலும் அவளுக்குக் காட்டவேண்டும். மைதானம் முழுக்க வரலாம், வரலாம்! வழியோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "எந்த ஊரு வண்டிம்மா?" என்று கேட்டார்.

சிதம்பரம் ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம். ஓரக்காரியிடம் பந்து. முதுகுக்குப் பின்னால் கோல், மேலே விழுகிற மாதிரி இரண்டு பேர். வெளியே உதைக்க அவள் கால் எழுந்தேவிட்டது. அப்போது கேட்டது கேப்டனின் கைதட்டல்: தப், தப். "வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி!" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பினாள். இடது பக்கம் ஒடித்தாள். அதே நொடியில் கேப்டன் பந்து தனக்கே வரப்போவது போல வலது பக்கம் பாய்ந்தாள்; தடுத்த இரண்டு பேரும் அவள் பின்னால் போனார்கள். அறுத்து முடித்த கீரப்பாளையத்து வயலாக முன்னே வெளி விரிந்தது. கோல்!

கேப்டன் பந்தைத் தொடவே இல்லை. ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "டிக்கெட் எடுத்தியாடி?"

திரும்பும் வண்டியில் ஓரக்காரி பூட்ஸைக் கழற்றவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி என்று என்னை இரண்டு தடவை கேட்டாள்.

இப்போது சில வண்டிகள் தாமாகவே பீப் பீப் என்கின்றன. அதைக் கேட்டு எனக்குள் யாரும் ஓடுவதில்லை. உள்ளங்கை வேண்டும், தகரம் அதிரவேண்டும். கேப்டன் நர்சிங் படிக்கச் சென்னைக்குக் கிளம்பிய காலையில் அதிர்ந்ததைப் போல. ஊரெல்லாம் வாயாடியவள் அன்று ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி பின்வாங்கியது. எங்கள் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிய ஓரக்காரி, கண்டக்டரை முந்திக்கொண்டு தகரத்தில் ஓங்கி அறைந்தாள்.

"பயப்படாத கேப்டன், பின்னாடி நான் இருக்கேன். வரலாம்... வரலாம்... ரைட்டு, போ!"