வேன் குடித்த விளக்கெண்ணெய்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம் அது. பகாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வேன் டிரைவராக இருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். மாலையில் சங்கு ஊதிவிட்டால் எல்லோரும் வேலிக்குள் இருக்க வேண்டும். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

என் வேன் சண்டைக்கு முந்தியது. ஜப்பான்காரன் காலம் முழுவதும் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை நான்தான் ஓடவைத்தேன். சத்தத்தைக் கேட்டே அதன் நோவைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தலைக்கனம். முன்கோபமும் உண்டு. அது இன்னும் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் என் மனைவிக்கு வலி எடுத்தது. முதல் பிரசவம். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புள்ள குறுக்கால கெடக்கு. இங்க வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. தாமசம் பண்ணுனா ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார்.

தோட்டத்துத் துரையிடம் கேட்டு, கோலாப்பிலா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேனை எடுத்தேன். பின்னால் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். கையில் ஒரு கூடை. அதில் பழைய துணிகளும் ஒரு பெரிய பாட்டில் நிறைய விளக்கெண்ணெயும். லயத்துக்குப் பின்னால் ஆமணக்குச் செடி வைத்து, கொட்டை சேர்த்து, இடித்து, காய்ச்சி எடுத்தது. என் குழந்தையின் உச்சியில் வைக்கவென்று மாதக்கணக்கில் சேர்த்திருந்தார்.

போலீஸ் சாலைத் தடுப்பில் அந்தப் பாட்டில்தான் வினையானது. சமையல் எண்ணெய் என்று கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். அக்கா கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி, "நக்கிப் பாருங்க லா" என்று நீட்டினார். மோந்து பார்த்ததோடு அவர் முகம் கோணிப்போனது. போகச் சொல்லிவிட்டார். அதற்குள் கால்மணி நேரம் போய்விட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இரண்டு மைல் கட்டை தாண்டி ஒரு மேடு. பாதி ஏறும்போது இஞ்சினில் டக் டக் டக் என்று சத்தம் கிளம்பியது. அந்த வேனில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஓரம் கட்டினேன். இரண்டு பக்கமும் பால்மரம்தான், ஓர் ஆள் கிடையாது. அங்கே வண்டியை நிறுத்தவே எல்லோரும் பயப்படுகிற காலம்.

"உங்க பாட்டிலாலதான் எல்லாம். வண்டியப் போட்டு நிக்கவச்சு சூடேத்திட்டீங்க. இப்ப திருப்திதானே?" என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவர் என் மனைவியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் நீளத் திருப்புளியை வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் அடியிலிருந்து வந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். வண்டி அங்கேயே முடிந்தது. மேலே வந்தால் வால்வைத் தட்டுகிற டாப்பட், கொஞ்சம் பிழைப்பு உண்டு. மேலேதான் கேட்டது. சந்தேகத்துக்குப் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் சத்தம் குறையவில்லை. பேரிங் போயிருந்தால் ஏதாவது ஒன்றில் குறைந்திருக்கும். பிறகு ஏன் எல்லா டாப்பட்டும் சேர்ந்து தட்டுகிறது? மேலே எண்ணெய் எட்டவில்லையோ? இஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம்.

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் மாலை பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் சங்கு ஊதிவிட்டது. மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு வேலிக்குள் ஓடிவிட்டேன். காலையில் இருந்த பதற்றத்தில் சுத்தமாக மறந்துபோனது. எண்ணெய் டின் அங்கே கொட்டகையில் இருக்கிறது.

"என்னாங்க, என்னா ஆச்சு?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள். குரலே சரியாக எழும்பவில்லை.

"எண்ணெ எங்கயோ ஒழுகிப்போச்சு" என்றேன். வாய் கூசாமல் பொய் வந்தது.

அக்கா இறங்கி வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது விளக்கெண்ணெ குடிக்குமா?"

விளக்கெண்ணெய் இஞ்சினுக்கு ஆகும் என்று பழைய மெக்கானிக் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் திட்டிய வாயால் அதை எப்படிக் கேட்பது? தலையை மட்டும் ஆட்டினேன்.

"வயித்துவலிக்குக் குடுக்கிறதுதானே. இதுக்கும் குடு" என்று பாட்டிலை நீட்டினார்.

கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். ஸ்டார்ட் பண்ணியதும் சத்தம் கொஞ்சம் தட்டி, தயங்கி, மெல்ல அடங்கியது. அங்கேயே அழுதிருப்பேன், நேரமில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் விளக்கெண்ணெய் தீய்ந்த வாடை. பின்னால் அக்கா என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே வந்தார்.

கோலாப்பிலா ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். எண்ணெய் ஒழுகவில்லை, நான்தான் பாதி ஊற்றி மறந்தேன் என்று.

"தெரியும் தம்பி. ஒழுகியிருந்தா மண்ணுல ஒரு சொட்டாவது கெடக்கணுமே."

"அப்பவே நாலு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா. நான் உங்களை அவ்வளவு பேசுனேனே."

"ஒன் சம்சாரம் ஒன்னயத்தான் நம்பிப் படுத்திருந்துச்சு. அது காதுபட ஒன்னய எப்படிக் கேக்கிறது?" என்றார்.

அவர் கடைசி வரை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எண்ணெய் ஒழுகிப்போனது என்றே என் மனைவி இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துவிட்டுத் திட்டுவாள், திட்டட்டும். யாராவது தப்புச் செய்துவிட்டு என் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. ஆனால் அந்த ஆளை நம்பி யார் படுத்திருக்கிறார்களோ என்று நினைத்துப் பார்க்க அந்த அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.