பியானோவுக்கு எதுக்கு கரண்ட்

போன வாரம் துபாய் அல் கூஸில், பழைய ஓட்டல் சாமான்கள் விற்கும் கிடங்கு ஒன்றில் வயரிங் பார்க்கப் போயிருந்தேன். சோபாக்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பியானோ. அதன் அடியில் தொங்கிய வயரில் என் பழக்கப்படி சுற்றிய பச்சை டேப்.

துபாயில் நான் முதலில் வேலை பார்த்த ஓட்டலின் பியானோ அது. வாசித்தவர் லூசியன், பிரெஞ்சுக்காரர். யாரிடமும் படிக்காமல், அப்பாவின் மதுக்கடையில் கிடந்த பியானோவைத் தட்டித் தட்டியே ஜாஸ் பழகியவர். கப்பல், பஹ்ரைன், தோஹா என்று வாசித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். எல்லாம் சொந்த மெட்டு. எனக்கு இசை என்றால் கோயில் கொடை மைக்செட்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பீர்கள். ஆனாலும் சாயங்காலம் நான் ஏணியோடு லாபியைக் கடக்கும்போது, எந்தப் பாட்டானாலும் சட்டென்று நிறுத்தி எனக்குக் கை காட்டுவார். நானும் காட்டுவேன். பிறகுதான் பாட்டு தொடரும்.

ஒருநாள் சூப்பர்வைசர் முத்தையா அண்ணன் கூப்பிட்டார். "பியானோவுக்கு அடியில ஒரு பிளக் பாயிண்ட் போடுலே."

"பியானோவுக்கு எதுக்குண்ணே கரண்ட்?"

"புதுசா மெஷின் மாட்டுதாங்க. ஒரு தடவை வாசிச்சா பிடிச்சு வச்சுக்கிட்டு, பெறவு தானா வாசிக்குமாம்."

வேலை போனால் லூசியனுக்கு விசாவும் போகும். ஓடிப்போய் என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். "நோ பிளே, சார். மெஷின் பிளே, யூ கலாஸ்." கலாஸ் என்றால் இங்கே 'முடிந்தது' என்று அர்த்தம்.

"ஐ நோ, பாய்" என்றார். அவருக்கும் பயம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் பாட்டை நோட்ஸாக எழுத அவருக்கு வராது. அந்த மெட்டுகள் தங்குவதற்கு அவர் தலையை விட்டால் மெஷின்தான்.

மெஷினுக்காக வாசித்த அன்று என்னையும் ஏணியோடு வரச் சொன்னார். ஒவ்வொரு பாட்டிலும் கடந்துபோனேன். ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கை காட்டினார்; அந்த இடைவெளியும் மெஷினில் பதிந்தது. அடுத்த மாதம் அவருக்கு விசா கேன்சல். பிறகு அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. எனக்கும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது.

கிடங்கில் பிளக்கைச் செருகினேன். கட்டைகள் தாமாகவே இறங்கின. பிறந்தநாள் பாட்டு. அடுத்து ஏதோ கல்யாணப் பாட்டு. பிறகும் அந்த மாதிரி கடையில் விற்கும் பாட்டுகளே. அவற்றை ஏற்றுவதற்காக லூசியனின் மெட்டுகளை யாரோ அழித்திருக்க வேண்டும்.

"பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினான் கிடங்குக்காரன்.

கடைசிப் பாட்டு வரைக்கும் காத்திருந்தேன். முடிந்ததும் மறுபடி பிறந்தநாள் பாட்டே வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. பாதி தூக்கிய கையை இறக்கி, பிளக்கைப் பிடுங்கினேன்.