ஏழாவது குழியின் குளம்

எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் மேல் ஒரு கண்ணாடி போட்டிருக்கிறது. அதற்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டில் உள்ள கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது குழியைச் செயற்கைக்கோள் எடுத்த படம் அது. ஒரு கோடியில் பந்தை வைத்து அடிக்கிற மேடை, மறு கோடியில் கொடி நட்ட குழி, நடுவில் கருநீலமாக ஒரு குளம். குளத்தின் மேல் நேராக ஒரு வெள்ளைக் கோடு, அதன் பக்கத்தில் 164 என்று ஒரு எண். அந்தக் கோட்டைப் போட்டவன் நான். அலுவலக பிரிண்டரில் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தம்பி அளந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்ணூர்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் கைக்கடிகாரத்தையோ போனையோ பார்த்தால், நிற்கிற இடத்திலிருந்து மணல்பள்ளம் எத்தனை கெஜம், தண்ணீர் எத்தனை கெஜம், கொடி எத்தனை கெஜம் என்று தெரியும். அந்த எண்கள் எங்களைப் போன்றவர்கள் படத்தைப் பார்த்து அளந்து கொடுப்பவை. இங்கே ஒரு கிளிக், அங்கே ஒரு கிளிக், நடுவில் எத்தனை கெஜம் என்று திரையில் வந்துவிடும். இத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கும் நான் ஒரு கோல்ஃப் மைதானத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவுக்கு இது தீராத வேடிக்கை. "துணிக்கடைக்காரனே மீட்டருக்கு மாறிட்டான். நீங்க இன்னும் கெஜத்துலயே இருக்கீங்களாடா?" என்பார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைத் திறந்ததும் மூலையில் இருக்கும் தேதியைப் பார்த்து, அது எந்த மாதத்துப் படம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கிளிக். கோடையில் எடுத்த படத்தில் வற்றின குளம் தரையைப் போலவே தெரியும். குளத்தைப் புல்வெளி என்று வரைந்து அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். என் லட்சணம் அப்படி.

அப்பா தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வாழ்க்கை. ஓய்வு பெற்றதும் வெள்ளானூரில் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டினார். எங்கள் தெருவில் அப்போது நான்கே வீடுகள். பின்னால் முள்காடு, அதைத் தாண்டி ஒரு ஏரி. குடிபோன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பந்து தண்ணில விழுந்துட்டா என்னடா பண்ணுவான்?"

"எத்தனை தடவை அடிச்சான்ங்கற கணக்குல ஒண்ணு கூடச் சேத்துப்பாங்கப்பா. அப்புறம் வேற பந்து வெச்சு அடிக்கலாம்."

"நல்ல ஆட்டமா இருக்கே. தொலைச்சவனுக்கு இன்னொண்ணு குடுக்கறான்." குளத்தின் மேல் விரலை வைத்து மறுபடி கேட்டார். "சரி, பந்து பறந்து போயிடுது. ஆள் எப்படிப் போவான்?"

"அது நம்ம கணக்குல வராதுப்பா" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி, சட்டையெல்லாம் வேர்வை, இடது கை தூக்க முடியவில்லை. தெருவில் யாரையோ இறக்கிவிட வந்த ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றித் தானும் ஏறிவிட்டாள். டிரைவர் பூந்தமல்லிக்காரர், இந்தப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. "ஆவடிக்கே போயிடட்டுமா கண்ணு? இல்ல, கிட்டத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். ஆவடி ஆஸ்பத்திரிதான் எங்களுக்குப் பழக்கம். ஏழு கிலோமீட்டர், நேரான ரோடு.

பேசாமல் ஆவடி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் எதிரில் திரை இருந்தது, கையில் மௌஸ் இருந்தது. எங்கள் ஊர்ப் படத்தைத் திறந்தேன். எங்கள் மொட்டைமாடியில் ஒரு கிளிக், ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த ஆஸ்பத்திரியின் கூரையில் ஒரு கிளிக். இரண்டாயிரத்து நூறு கெஜம். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. முள்காட்டை ஒட்டி ஒரு மண்பாதை இறங்கி அந்தப் பக்கம் வரை போவது தெளிவாகத் தெரிந்தது. "ஏரிப்பக்கம் போகச் சொல்லும்மா, ரெண்டு கிலோமீட்டர்தான், நான் அளந்துட்டேன்" என்றேன். அன்றைக்கு நான் மாதத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்து சீட்டில் இருந்தவராவது கேட்டிருப்பார்.

பத்து நிமிஷம் கழித்து அம்மாவின் போனிலிருந்து டிரைவர் பேசினார். "அண்ணே, நீங்க சொன்ன எடத்துக்கு வந்துட்டோம். இங்க ரோடு இல்லீங்கண்ணே. தண்ணி கீது."

திரையில் பாதை இருந்தது. அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். மே மாதம். வற்றிய ஏரியில் மண் லாரிகள் போய் வந்த தடம் அது. இப்போது அதன் மேல் ஏரி நிறைந்து கிடந்தது. திரும்பி ஆவடிக்கே போகச் சொன்னேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. சகதியில் பின்சக்கரம் புதைந்து, அம்மா இறங்கித் தள்ளி, வண்டி மெயின் ரோட்டுக்கு வந்து சேர அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. ஆவடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது அப்பா இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆட்டோக்காரன் வழி தெரியாம எங்கயோ கொண்டுபோய் உட்டுட்டான்." எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அந்த டிரைவர் வந்தார். எங்கள் மாமா அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கோங்கண்ணே. நாந்தான் எறங்கி யாரையாவது கேட்டுகினு போயிருக்கணும்" என்றார். போனில் கேட்ட என் குரல் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அத்தனை பேர் எதிரில் 'தப்பு என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வேலையை விட்டுவிடவும் இல்லை. இன்றும் அதே மாடியில் அதே கெஜத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். மாதத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், பையன்கள் சிரிப்பார்கள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஸ்டாண்டை நகர்த்த வேண்டியிருந்ததால் கண்ணாடியைத் தூக்கினேன். தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தேன். குளத்தின் கரையை ஒட்டி, வளைந்து வளைந்து, மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. மேடையில் தொடங்கிக் கொடி வரை போகிறது. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில், 'நடந்து போனால் 290'. கோட்டின் மேல் நூலை வளைத்து வைத்து, படத்தின் கீழே உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நம்ம கணக்கில் வராது என்று நான் சொன்னதை அவர் பாட்டுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெயிண்ட் அடிக்கிறவர்கள் மாடியில் இருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன், அது ஆட்டோக்காரன் தப்பு இல்லை, நான் தேதியைப் பார்க்கவில்லை என்று. இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தது, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தெரியும் கண்ணு" என்றாள் அம்மா. "போனைக் காதுல வெச்சிருந்தது நான்தானே. நீ சொன்னதத்தான அவன்கிட்ட சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா அவரைச் சொன்ன?"

"வேற யாரச் சொல்லச் சொல்ற? உன்னையா?"

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "உங்கப்பா உன்னை ஒரு வார்த்தை திட்டல கண்ணு. உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே, தண்ணியப் பாத்ததும் அந்த டிரைவர் திருப்பறேன்னுதான் சொன்னான். இவருதான் விடல. 'தம்பி அளந்திருக்கான், வழி இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருப்பா'ன்னாரு. அப்படி உள்ள போனதாலதான் திருப்பறப்போ சக்கரம் மாட்டிக்கிச்சு."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் அதைச் சொன்னாள்.

சாயங்காலம் சுவர் காய்ந்ததும் ஸ்டாண்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினோம். அம்மா தாளைத் துடைத்து வைத்தாள். நான் கண்ணாடியை அதன் மேல் இறக்கினேன்.