சேனை வைக்க வந்தவர்களைத் தடுத்த அத்தை

தாராவிப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் ஓர் ஆஸ்பத்திரியில் நான் எச்.ஐ.வி. கவுன்சிலராக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "மாமியார்களை எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்பார்கள். நான் செல்வியின் கதையைச் சொல்வேன். பெயரை மாற்றியிருக்கிறேன்.

செல்விக்கும் கணவனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை இருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள்.

"அக்கா, எங்க அத்த ஊர்ல இருந்து தேன் கொண்டாந்திருக்காவ. புள்ள பொறந்ததும் சேனை வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ. வேண்டாம்னா ஏன்னு கேப்பாவளே!"

பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைப்பதுதான் சேனை. எந்தக் குழந்தைக்கும் அது நல்லதல்ல. செல்வியின் குழந்தைக்கோ கூடுதல் ஆபத்து. அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். டாக்டர் தரும் மருந்தைத் தவிர வேறு எதையும் பாலோடு சேர்த்துக் கொடுத்தால் தொற்றுக்கு வழி கூடிவிடும்.

காரணத்தை அவள் அத்தையிடம், அதாவது மாமியாரிடம், சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால் கர்ப்பிணிகளின் மாமியார்கள் எல்லோரையும் அழைத்து மீட்டிங் போட்டேன். செல்வியின் அத்தை எழுந்தே விட்டார்.

"எம் மவனுக்குஞ் சேனை வச்சுத்தான் வளத்தேன். என்ன கெட்டுப் போச்சு?"

"ஒண்ணும் கெடலம்மா. ஆனா இப்ப எல்லாப் பிள்ளைக்கும் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான். சொந்தக்காரங்க கிண்ணத்தோட வருவாங்க. மருமக வாயத் திறக்க முடியுமா? நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுஞ் செரிதான். எங் கோலிக்குள்ள என்னயக் கேக்காம எவ வருவா?" தாராவியில் ஒற்றை அறை வீட்டைக் கோலி என்பார்கள்.

அப்புறம் அவர் காத்த காவலை எங்கள் ஸ்டாஃப் மொத்தமும் சேர்ந்தாலும் காக்க முடியாது. சொந்த நாத்தனார் தேனோடு வந்தபோது, வாசலிலேயே வாங்கித் தானே நக்கிவிட்டாராம்!

குழந்தையின் ஒன்றரை வயதில் கடைசி எச்.ஐ.வி. டெஸ்ட். நெகட்டிவ். என் அறையில் செல்வி குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வெளியே பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அத்தை, அழுத முகத்தோடு வந்த செல்வியைப் பார்த்துப் பதறினார்.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

"ஒண்ணுமில்லத்த. புள்ள நல்லாருக்கான்னு சொல்லிட்டாவ."

"நா வளத்த புள்ள. நல்லா இல்லாமப் பின்ன?"

ஒருவரை நம் பக்கம் சேர்க்க ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பொறுப்பைக் கொடுத்தால் போதும். இதுதான் நான் கற்ற பாடம். பேரனைக் காப்பாற்றியது தான்தான் என்பது அந்த அத்தைக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். அவருக்கும் சேர்த்து நான் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.