அக்காவைக் கேட்காமல் பதிந்த படகு

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், டிசெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மொன்றியலில் ரொக்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கதை இது. கதை என்ன, நான் செய்த விசர் வேலை என்றே சொல்லலாம். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே நான் இங்கிலாந்துக் கால்வாய்களின் வரைபடத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த கோடைக்கு வாடகைக்கு ஒரு படகு பதிந்துகொண்டிருந்தேன்.

அந்தப் படகுகளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நீளம் ஒரு பஸ்ஸைத் தாண்டும். அகலமோ, உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் வரிசையாக உள்ளேயே இருக்கும். நடக்கிற வேகத்தில்தான் போகும். ஓட்டுவதற்கு அனுமதிப் பத்திரம் ஒன்றும் வேண்டாம். படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள்.

எனக்கு இந்த ஆசை திடீரென்று வரவில்லை. லண்டனில் இருக்கும் என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அந்த வருடம் ஜூலையில் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று அவளுடைய மகன் ஒவ்வொரு கிழமையும் சொல்லத் தொடங்கினான். கடைச் சாமான்கூட வீட்டுக்கே வருகிறதாம். ஒரே ஒரு தடவை, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே யாரோ ஒருவர் மிகவும் பணிவாக, பின்வரிசையில் இருந்தால் வசதியாக இருக்கும் என்று சொல்லி அவளை எழுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியவள், பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் போகவில்லை.

லண்டனில் எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் இருப்பார்கள், பாவம் பார்ப்பார்கள். அப்படி ஒருவரும் இல்லாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஒரே எண்ணம். செப்டெம்பரில் ஒருநாள் இவருடன், அதாவது என் கணவருடன், மொன்றியலின் லஷீன் கால்வாய்க் கரையில் நடந்தபோது, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தண்ணீர்க் கதவுகளுக்கு நடுவே ஒரு சின்னப் படகு மெல்ல மெல்ல உயர்ந்து வந்ததைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பெண் தேநீர் குடித்துக்கொண்டு தன்பாட்டில் இருந்தாள். அக்காவுக்கு இதுதான் மருந்து என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

நான் முடிவு கட்டினால் கட்டினதுதான். சென்ட் லோரன்ட்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் பதினொரு பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் நான். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து ஏறிவிட்டது. இவர் என்னை 'மனேச்சர் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். படகில் யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு பட்டியல்கூட எழுதினேன். சுக்கான் பிடிப்பது இவர். கரையில் இறங்கித் தண்ணீர்க் கதவு தள்ளுவது நானும் அக்காவின் மகனும். அக்காவின் பெயருக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதினேன்.

தொலைபேசியில் சொன்னபோது அக்கா எதிர்க்கவில்லை. ஆண்டு முடியட்டும், பேந்து வாறன் என்றாள். ஆண்டு என்றால் ஆட்டத் திவசம், அதாவது அத்தானின் முதலாவது திவசம். அதற்கு முன் பொழுதுபோக்குப் பயணம் போகமாட்டாள்.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். எங்களுக்குத் திவசம் இறந்த தேதியில் வராது. இறந்த தமிழ் மாதத்தில் அதே திதியில் வரும். திதி வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும் என்பது எனக்குத் தெரியும். அத்தான் போனது ஜூலை மூன்றாம் கிழமை, ஆடி பிறந்து நாலைந்து நாளில். அப்படியானால் திவசம் ஜூலை முற்பகுதியிலேயே முடிந்துவிடும், ஓகஸ்டில் படகு ஏறலாம் என்று விரல் விட்டு எண்ணிக் கணக்குப் போட்டேன்.

"ஐயரிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுப் பதியுமன்," என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

இதுக்குமா ஐயர் என்று கேட்டுவிட்டு, ஓகஸ்ட் முற்பகுதியில் ஒரு கிழமையைப் பதிந்தேன். விபரம், படங்கள், பட்டியல் எல்லாவற்றையும் அக்காவுக்கு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் தமிழ்க் கடையில் சாமான் வாங்கும்போது புதுவருடக் கலண்டர் தந்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டுமுன், சும்மா ஆடி மாதத்தைப் புரட்டினேன். முந்தி வந்த திதி ஆனி மாதத்துக்குள் போய் விழுந்திருந்தது. ஆனி கணக்கில் சேராது. ஆடியில் அந்தத் திதி வருவது ஓகஸ்டில், எங்கள் படகுக் கிழமையின் நட்ட நடுவில். பயந்து பயந்து ஐயருக்கு எடுத்துக் கேட்டேன். ஓம், அந்த நாள்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

புருஷனின் முதல் திவசத்தன்று அக்காவை உல்லாசப் படகில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதைச் சாட்டாக வைத்து அவள் வரமாட்டேன் என்றால், இனி எதற்குமே வரமாட்டாள்.

அடுத்தநாள் படகுத்துறைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண்மணி எடுத்தார், குரலில் ஐம்பது வயது தாண்டியவர் போல இருந்தது. நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். கோடை முழுக்க நிறைந்துவிட்டது என்றார். அப்படியானால் படகே வேண்டாம் என்றேன். என்ன விஷயம் என்று அவர் கேட்க, என் தொழிற்சாலை ஆங்கிலத்தில் திதியையும் திவசத்தையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இந்தப் பயணம் வேண்டாம் என்று உங்கள் அக்கா சொன்னாரா என்று கேட்டார். இல்லை, அவள் எப்படியும் வரமாட்டாள் என்றேன். அது நீங்கள் சொல்வது, அவர் சொன்னாரா என்று திரும்பவும் கேட்டார். மார்ச் கடைசி வரை படகை உங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறேன், அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நல்ல அறிவுரைதான். நான் என்ன செய்தேன்? அக்காவுக்கு எடுத்து, பிழை முழுக்க என்னுடையது, படகை விட்டுவிடுவோம், திவசத்துக்கு நான் வீட்டுக்கே வந்து நிற்கிறேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மறுபக்கத்திலிருந்து "சரி" என்று ஒரு சொல். அதன் பிறகு நான் எடுத்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்கமாட்டாள். மகன் கேட்டாலும் ஒன்றும் சொல்வதில்லையாம். நான் அவளை இன்னும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டேன் என்று நினைத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் அழுதிருக்கிறேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும், ஜான்-டலோன் சந்தைக்குள் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு, அக்கா. அவளாக எடுத்து எத்தனையோ மாதம். தக்காளிப் பையைப் பெட்டிகளுக்கு மேலேயே வைத்துவிட்டு எடுத்தேன்.

படத்தில் ஒரு ஒடுக்கமான குசினி தெரிந்தது. மரப்பலகைச் சுவர், வட்டமான யன்னல், யன்னலுக்கு வெளியே தண்ணீர். நடுவில் அக்கா, தலையில் கம்பளித் தொப்பியோடு.

"இஞ்ச பார், நாலு அடுப்பு இருக்கு," என்றாள். "வாழைக்காய்க் கறியும் பருப்பும் ஒரேயடியா வைக்கலாம்."

தனியாக ரயில் ஏறி, ஒரு இடத்தில் மாறி, ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு நடந்து போயிருக்கிறாள். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. நான் டிசெம்பரில் அனுப்பிய விபரத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். படகுத்துறைப் பெண்மணிதான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் தலையை நீட்டி எனக்குக் கை காட்டினார். லண்டன் ஐயரிடமும் அக்காவே கதைத்திருந்தாள். திவசத்துக்கு நீர்க்கரையைவிட வேறென்ன இடம் வேண்டும் என்று அவர் சொல்லி, அன்று காலை காரில் வருவதாகவும் ஒப்புக்கொண்டாராம். சமையல் எரிவாயு இருப்பதால் உள்ளே கற்பூரம் கொளுத்த வேண்டாம், வெளியே முன்தட்டில் கொளுத்தலாம் என்று பெண்மணி இடம்கூடக் காட்டியிருக்கிறார்.

ஏன் அக்கா எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவர் போன நாளிலயிருந்து எல்லாரும் எனக்குச் சொல்லுகினம், பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும் படகு எண்டாய், நாள் இதெண்டாய், பேந்து வேண்டாமெண்டும் நீயே சொன்னாய். எனக்கு விருப்பமோ எண்டு கேட்டனியோ?"

சந்தை நடுவில் நின்று, இல்லை அக்கா, கேட்கவில்லை என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கடைக்காரர் 'சா வா, மதாம்?' என்று பிரெஞ்சில் சுகம் விசாரித்துவிட்டு, மறந்து வைத்த தக்காளிப் பையை என் கையில் கொண்டுவந்து தந்தார்.

அக்கா அதோடு விடவில்லை. ஓய்வெடுக்க அவளுக்கு வீட்டில் கட்டில் இருக்கிறதாம். பெண்மணி அவளைச் சுக்கானைப் பிடிக்கவைத்து, துறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டவும் விட்டிருக்கிறார். இனி அது தன்னுடைய வேலை என்று அறிவித்தாள். இவர் வீட்டில் இதைக் கேட்டதும், அப்பாடா, தான் பாத்திரம் கழுவுகிறேன் என்றார்.

ஓகஸ்டில் போனோம். நான் இரண்டு தடவை இட்ட கட்டளைகளை ஒருவரும் காதில் போடவில்லை. திவசத்தன்று காலை கால்வாய்க் கரையில் மகன் கிரியை செய்ய, ஐயர் வேட்டிக்கு மேலே மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னார். அந்த நாலு அடுப்பில் அக்கா ஏழு கறி வைத்தாள். படைத்த சோற்றைக் காகத்துக்கு வைத்தால் ஒரு காகத்தையும் காணோம். வாத்துகள்தான் கூட்டமாக வந்து தின்றன. நான் சங்கடப்பட்டு அக்காவைப் பார்த்தேன். "உயிரோட இருக்கேக்க அவருக்கு நீந்தத் தெரியாது," என்றாள் அவள். "இப்ப பழகிட்டார் போல." அத்தான் போனபின் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிற்பகல் சுக்கானில் நின்று ஒரு நீண்ட வளைவை எடுத்தாள், எதிரே வந்த படகுக்காரர் தொப்பியைத் தூக்கினார், அவளும் கையைத் தூக்கினாள்.

போன மாதம் அக்கா எடுத்தாள். வேல்ஸ் பக்கம் ஒரு கால்வாய் பாலத்துக்கு மேலாலே போகிறதாம், அதைப் பார்க்க வேண்டுமாம், இந்தத் தடவை படகு பதிவது அவள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உனக்கு வர விருப்பமோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் மறுமொழி சொல்லும் வரை ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். அந்தச் சில நொடிகளில், என்னை ஒரு ஆளாக மதித்து ஒருவர் காத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று உணர்ந்தேன். அவ்வளவு காலமும் அந்தச் சுகத்தை அவளுக்கு நான் கொடுக்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை, வாயைத் திறக்குமுன் ஒரு கணம் நிறுத்துகிறது.